பால் பாக்கெட் என்ன கலர்?

ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவன் நான். ரத்தப் பரிசோதனையில் எல்டிஎல், அதாவது கெட்ட கொலஸ்ட்ரால், 168 என்று வந்ததும் எண்ணெயையும் முட்டை மஞ்சள் கருவையும் ஒரே நாளில் நிறுத்தினேன். வயிறு சும்மா இருக்குமா? சோறும் இடியாப்பமும் கூடின. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் எல்டிஎல் 161, ரத்தத்தில் ஓடும் இன்னொரு கொழுப்பான டிரைகிளிசரைடு 140-லிருந்து 228. டாக்டர் கேட்டது ஒன்றே ஒன்று: "வீட்டுக்கு என்ன கலர் பால் பாக்கெட் வாங்குறீங்க?"

ஆரஞ்சு. எனக்கும் மனைவிக்கும் தினம் ஒரு லிட்டர்.

நீங்களும் கணக்கை அங்கிருந்தே தொடங்குங்கள். ஆவின் ஆரஞ்சில் கொழுப்பு 6 சதவீதம், பச்சையில் 4.5, நீலத்தில் 3. ஆரஞ்சு ஒரு லிட்டரில் சுமார் 60 கிராம். அதில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக நிறைவுற்ற கொழுப்பு (பாக்கெட்டில் Saturated fat என்று இருக்கும்). எங்கள் இருவருக்கும் தலைக்கு 19 கிராம் வந்தது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, 2000 கலோரி சாப்பிடுபவருக்கு 22 கிராமுக்குள். காபி, தயிரிலேயே முக்கால்வாசிக்கு மேல் தீர்ந்துவிட்டது!

அந்த வகைக் கொழுப்பின் மேல் ஏன் கண் வைக்க வேண்டும் என்றால், ரத்தத்தில் ஓடும் எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுப்பது கல்லீரல். நிறைவுற்ற கொழுப்பு கூடினால் அந்தப் பிடி தளர்கிறது, எல்டிஎல் ரத்தத்திலேயே தங்குகிறது.

அடுத்து எண்ணெய். பாக்கெட்டின் முன்பக்கம் 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று போட்டிருப்பதைப் படிக்கவே வேண்டாம். கொலஸ்ட்ராலைப் பெரும்பாலும் உண்டாக்குவது கல்லீரல்; கடலைச் செடிக்கு ஏது கல்லீரல்? பின்பக்க அட்டவணையில் நிறைவுற்ற கொழுப்பு என்ற வரியை மட்டும் தேடுங்கள். நூறு கிராமுக்குத் தேங்காய் எண்ணெயில் 80-க்கு மேல், ரேஷன் பாமாயிலில் 40-க்கு மேல், கடலை எண்ணெயில் 20-க்குள், நல்லெண்ணெயில் 15 அளவில் இருக்கும். பிஸ்கட்டையும் திருப்பிப் பாருங்கள்: மைதா, சர்க்கரை, அதற்கு அடுத்தது பெரும்பாலும் பாமாயில்தான். எண்ணெயை வனஸ்பதியாகக் கெட்டியாக்கும்போது உருவாகி, எல்டிஎல்லைக் கூட்டும் டிரான்ஸ் கொழுப்பு விஷயத்தில் கொஞ்சம் நிம்மதி. 2022 ஜனவரியிலிருந்து எண்ணெய், வனஸ்பதியில் 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது சட்டம். காய்ந்த எண்ணெயையே நாள் முழுக்கக் காய்ச்சும் வடைச்சட்டி வேறு கதை.

வெறுமனே நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. நிறுத்தியதன் இடத்தில் எது வந்து உட்காருகிறது என்பதுதான் முக்கியம். சோறு வந்தால் என் கதைதான். நாங்கள் நீலப் பாக்கெட்டுக்கு மாறினோம். சாயங்காலம் பிஸ்கட் போய் வேகவைத்த நிலக்கடலை வந்தது. தேங்காய்ச் சட்னி வாரம் இரண்டு நாள், மற்ற நாளில் கடலைச் சட்னி. கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் சேர்த்து இருவருக்கும் மாதம் ஒரு லிட்டர், ஆளுக்கு நாளொன்றுக்கு 15 கிராம். ஒன்றாம் தேதி எண்ணெய்த் தூக்கில் கோடு போட்டுவிடுவேன். டாக்டரைக் கேட்டுவிட்டு மஞ்சள் கருவையும் அளவோடு திரும்பச் சேர்த்தேன்.

அடுத்த ரிப்போர்ட்டில் எல்டிஎல் 139. அதற்காக, கொலஸ்ட்ராலுக்கு மாத்திரை போடுகிறவர்கள் பாலை மாற்றிவிட்டோம் என்று மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

நீலப் பாலில் காபி தண்ணியாக இருக்கிறது என்று வீட்டில் ஒரு வாரம் சண்டை. பாலில் தண்ணீர் சேர்க்காமல் சுண்டக் காய்ச்சி, டிகாஷனைக் கெட்டியாக இறக்கியதும் சரியாகிவிட்டது.