இரண்டு நாய்கள் எதிரெதிரே வரும்போது: உடல்மொழியைப் படிக்கும் முறை

தெருவில் நம் நாயோடு நடக்கும்போது எதிரில் இன்னொரு நாய் வந்தால், பெரும்பாலோர் அதன் வாலைத்தான் முதலில் பார்க்கிறார்கள். வால் ஆடினால் நட்பென்று நம்பி அருகே விட்டுவிட்டு, கடி விழுந்த பிறகு திகைத்து நிற்கிறார்கள். வாலாட்டம் நாயின் மனம் கிளர்ந்திருப்பதை மட்டுமே சொல்லும். அது மகிழ்ச்சியா, அச்சமா, சினமா என்பதை உடல் முழுவதையும் சேர்த்துப் பார்த்தே அறிய முடியும்.

படி 1: இயல்பு நிலையைப் பழகுங்கள்

வீட்டில் உங்கள் நாய் ஓய்வாக நிற்கும்போது காது, வால், வாய் எப்படி இருக்கின்றன என்று ஒரு வாரம் கவனியுங்கள். பக் நாயின் வால் முதுகின்மேல் சுருண்டே இருக்கும்; சிப்பிப்பாறை நாயோ ஓய்வில் வாலைத் தாழ்த்தி வைத்திருக்கும், அதை அச்சமென்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

படி 2: வாலின் உயரத்தையும் விறைப்பையும் பாருங்கள்

இடுப்பும் சேர்ந்து குழைய அகலமாக ஆடும் வால் நட்பைக் காட்டும். உயர்ந்து விறைத்து, நுனி மட்டும் வேகமாகத் துடிக்கும் வால் எச்சரிக்கை. நாய்கள் தம் உரிமையாளரைக் கண்டால் வாலை வலப்பக்கமாகவும், அறிமுகமில்லாத மிடுக்கான நாயைக் கண்டால் இடப்பக்கமாகவும் கூடுதலாக ஆட்டுவதை இத்தாலிய ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்டார்கள். ஆனால் தெருவில் அதைக் கண்ணால் அளந்து முடிவெடுக்க முயல வேண்டாம்.

படி 3: முகத்தையும் உடல் எடையையும் படியுங்கள்

தளர்ந்து திறந்திருந்த வாய் சட்டென்று மூடினால், நாயின் கவனம் முழுவதும் எதிலோ குவிந்துவிட்டது. தலையைத் திருப்பாமல் பார்த்து, விழியின் வெண்மை பிறைபோலத் தெரிந்தால் அது நெருக்கடியில் இருக்கிறது. முதுகு மயிர் சிலிர்ப்பது நமக்கு மயிர்க்கூச்செறிவது போலத் தானாக நிகழ்வது. அதை மட்டும் கொண்டு சினம் என்று சொல்லிவிட முடியாது. உறுமலைவிட நான் அஞ்சுவது, எடையை முன்னங்கால்களில் சாய்த்து, வெறித்த பார்வையோடு சிலைபோல் நின்றுவிடும் நாயைத்தான்.

படி 4: அமைதிச் சைகைகளுக்கு இடம் கொடுங்கள்

எங்கள் தெருமுனைத் தேநீர்க் கடை வாசலில், கருத்தடை செய்ததன் அடையாளமாகக் காது நுனியில் வெட்டு உள்ள கிழட்டு நாய் ஒன்று படுத்திருக்கும். முதன்முதலில் அவ்வழியே சென்றபோது, பத்தடி தொலைவிலேயே என் நாய் நின்று, மூக்கை நக்கி, எதுவுமில்லாத மண்ணை முகரத் தொடங்கியது. கிழட்டு நாய் கொட்டாவி விட்டு முகத்தை மறுபுறம் திருப்பிக்கொண்டது. சண்டையில் விருப்பமில்லை என்று இரண்டும் சொல்லிக்கொண்ட விதம் அது. நார்வே பயிற்சியாளர் துரீத் ரூகோஸ் இவற்றைச் சாந்தப்படுத்தும் சைகைகள் என்று அழைத்தார். அந்நேரம் கயிற்றைச் சுண்டி அவசரப்படுத்தினால், நடந்துகொண்டிருக்கும் பேச்சை நாமே அறுத்துவிடுகிறோம்.

படி 5: சந்திக்க விடுங்கள்

நேருக்கு நேராக அன்றி, வளைவாக நடந்து நெருங்குங்கள். கயிறு தொய்வாக இருக்கட்டும். இறுகினால் நாயின் நெஞ்சும் தலையும் நிமிர்ந்து, எதிரிலுள்ள நாய்க்கு அது மிரட்டலாகத் தோன்றும். மூன்று நொடி பின்புறம் முகர்ந்ததும் அழைத்து நகருங்கள். இரண்டும் தளர்வாக இருந்தால் மறுபடி விடலாம். உறுமினால் அடிக்காதீர்கள். உறுமியதற்காகத் தண்டிக்கப்பட்ட நாய், அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கக்கூடும்.

படி 6: விளையாட்டா என்று சோதியுங்கள்

முன்னங்கால்களைத் தாழ்த்திப் பின்புறத்தை உயர்த்துவது விளையாட்டுக்கான அழைப்பு. ஐயம் வந்தால், துரத்தும் நாயைச் சற்றுப் பிடித்து நிறுத்துங்கள்: துரத்தப்பட்ட நாய் திரும்பி வந்து வம்புக்கு இழுத்தால் விளையாட்டு; கிடைத்த இடைவெளியில் விலகிப் போனால், உங்கள் நாயை அழைத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புங்கள்.