ஆட்டோ-டிலீட் போட்டால் க்யூ தானாகப் போய்விடுமா?

ப்ரோகிராம்களுக்கு இடையே மெசேஜ்களை வாங்கிக் கொடுக்கும் சர்வரான (ப்ரோக்கர்) ராபிட்எம்க்யூவில், மெசேஜ்கள் காத்திருக்கும் வரிசைகளான க்யூக்களில் தற்காலிகமானவை குப்பையாகச் சேர்வதற்குப் பெரும்பாலும் ஒரே ஒரு நம்பிக்கைதான் காரணம்: ஆட்டோ-டிலீட் என்ற செட்டிங் போட்டாயிற்று, இனி ப்ரோக்கர் பார்த்துக்கொள்ளும். பார்த்துக்கொள்ளாது. கடைசி கன்ஸ்யூமர் (க்யூவுக்குச் சந்தா போட்டு மெசேஜ் வாங்கும் ப்ரோகிராம்) விலகும்போதுதான் அந்த க்யூ அழியும், ஆகவே கன்ஸ்யூமர் ஒருவர்கூட வந்ததே இல்லையென்றால் விலகுவதற்கும் ஆளில்லை, க்யூ அப்படியே உட்கார்ந்திருக்கும். க்யூவை டிக்ளேர் செய்துவிட்டு (உருவாக்கச் சொல்லிவிட்டு), கன்ஸ்யூம் தொடங்குமுன் ப்ரோகிராம் விழுந்தால் இதுதான் நடக்கும். சந்தா இல்லாமல் கேட்டு வாங்கும் பேசிக்-கெட் வைத்து ஒவ்வொன்றாக எடுப்பவர்களுக்கும் இதே கதி, கெட் செய்பவரை ப்ரோக்கர் கன்ஸ்யூமராகக் கணக்கில் எடுப்பதில்லை.

சரி, குறித்த நேரம் பயன்படாமல் கிடக்கும் க்யூவை அழிக்கும் எக்ஸ்-எக்ஸ்பயர்ஸ் போடலாம் என்று வருவீர்கள். நல்லதுதான், ஆனால் அது மில்லிசெகண்டில். அரை மணி நேரத்துக்கு 18,00,000 போட வேண்டிய இடத்தில் நான் 1800 போட்டுவிட்டு, க்யூ ஏன் இரண்டு நொடிக்குள் காணாமல் போகிறது என்று ஒரு மதியம் முழுக்கத் தேடியிருக்கிறேன். கன்ஸ்யூமர் இல்லை, கெட் இல்லை, மறு டிக்ளேரும் இல்லை என்றால் நேரம் ஓடத் தொடங்கும். நீங்கள் மெசேஜ் அனுப்பிக்கொண்டே இருந்தாலும் அது நிற்காது, உள்ளே இருப்பதோடு சேர்த்துத் தூக்கிவிடும். மெசேஜ்-டிடிஎல் (மெசேஜின் ஆயுள் வரம்பு) வேறு, அது மெசேஜை மட்டும் அழிக்கும், காலி க்யூ மிஞ்சும்.

ஒரே கனெக்‌ஷனுக்கு மட்டும் சொந்தமான எக்ஸ்க்ளூசிவ் க்யூவுக்கு நிலையான பெயர் வைக்காதீர்கள். நெட்வொர்க் சொல்லாமல் கொள்ளாமல் அறுந்தால், ஹார்ட்பீட் (உயிரோடு இருக்கிறேன் என்று அவ்வப்போது அனுப்பும் துடிப்பு) தவறும்வரை பழைய கனெக்‌ஷன் உயிரோடு இருப்பதாகவே ப்ரோக்கர் நினைக்கும், அதற்குள் திரும்பி வந்து அதே பெயரைக் கேட்டால் 405 பிழை. பெயரைக் காலியாக விடுங்கள், ப்ரோக்கரே ஒன்று கொடுக்கும்.

அப்புறம், க்யூக்களைச் சுத்தம் செய்யக் குறித்த நேரங்களில் தானாக ஓடும் க்ரான் ஸ்கிரிப்ட். கன்ஸ்யூமர் பூஜ்யம் என்று பார்த்ததும் அழிக்கிற ஸ்கிரிப்ட், யாரோ புதிய பதிப்பை டிப்ளாய் செய்வதால் கன்ஸ்யூமர் விலகியிருக்கும் அந்த அரை நிமிடத்தில் ஓடினால் என்ன ஆகும்? அழிக்கும்போது இஃப்-அன்யூஸ்ட் (கன்ஸ்யூமர் இல்லையென்றால் மட்டும்), இஃப்-எம்ப்டி (காலியென்றால் மட்டும்) இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள். பாலிசி (பல க்யூக்களுக்கு ஒரே இடத்தில் செட்டிங் கொடுக்கும் விதி) மூலம் எக்ஸ்பயர்ஸ் கொடுப்பதானால், ஒரு க்யூவுக்கு ஒரு நேரத்தில் ஒரு பாலிசிதான் பொருந்தும், புதியது ஜெயித்தால் பழைய பாலிசியில் இருந்த நீள வரம்பு சத்தமில்லாமல் போய்விடும்.

ஆர்பிசி (கேள்வி அனுப்பிப் பதில் வாங்கும் முறை) பதிலுக்காக மட்டும் என்றால் இவ்வளவு பாடே வேண்டாம். பதிலை நேரே கேட்டவருக்கே தரும் டைரக்ட் ரிப்ளை-டு இருக்கிறது, அதில் அழிப்பதற்கு க்யூவே உருவாகாது. ஆட்டோ-ஆக் (மெசேஜ் கிடைத்ததென்று தனியாகச் சொல்லத் தேவையில்லாத முறை) வைத்து, கேள்வி அனுப்பிய அதே சேனலில் (கனெக்‌ஷனுக்குள் ஓடும் தனிப் பாதை) பதிலைக் கேட்டால் போதும்.