ஒன்றரை ஷிப்ட்டுக்கு எவ்வளவு? சம்பளக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமை சம்பளம் வாங்கி வருபவரிடம் எவ்வளவு என்று கேட்டால், "இந்த வாரம் நாலாயிரத்து ஐந்நூறு" என்பார். கூலி விவரம் திரட்டும் தொழிற்சங்கத் தோழரும் அந்தத் தொகையையே குறித்துக்கொள்வார். முதல் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது. எத்தனை மணி நேரத்துக்கு, எந்த விகிதத்தில், எதையெல்லாம் பிடித்தது போக என்று தெரியாத தொகையை வைத்துக்கொண்டு யாரிடமும் பேரம் பேச முடியாது.

அந்த 4,500 ரூபாயைப் பிரித்துப் பார்ப்போம். ஒரு ஷிப்ட் 8 மணி நேரம். கூலி 500 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் தொடங்கி இரவு வரை 12 மணி நேரம் உழைத்தால் அதற்கு ஊரில் 'ஒன்றரை ஷிப்ட்' என்று பெயர், கூலி 750. ஆறு நாளுக்கு 4,500. கணக்கு சரியாகத்தான் தெரிகிறது. ஆனால் மிகைநேரத்துக்கு இருமடங்குக் கூலி என்பது சட்டம். எட்டு மணி நேரத்துக்கு 500, மீதி நான்கு மணி நேரத்துக்கு இன்னொரு 500. நாளுக்கு 1,000, வாரத்துக்கு 6,000. வாரம் 1,500 ரூபாய் எங்கே போனது என்று யாரும் கேட்பதில்லை. 'ஒன்றரை' என்ற சொல்லே அந்தக் கேள்வியை விழுங்கிவிடுகிறது. கூலி விவரம் திரட்டும் சங்கப் படிவத்திலாவது ஷிப்ட் என்பதை விட்டுவிட்டு மணி நேரம் என்று எழுத வேண்டும்.

பீஸ் ரேட்டில், அதாவது தைக்கும் எண்ணிக்கைக்குக் கூலி என்ற முறையில், தைப்பவர்கள் செய்யும் தவறு வேறு. கழுத்து தைக்க எவ்வளவு, கை வைக்க எவ்வளவு என்பதை ஆர்டர் பாதி ஓடிய பிறகு கேட்கிறார்கள். அதன்பின் சொல்லப்படுவதுதான் ரேட். நாள் முழுதும் தைத்தும் குறைந்தபட்சக் கூலி எட்டவில்லை என்றால் குறையும் தொகையை நிர்வாகம் ஈடுகட்ட வேண்டும் என்பதும் பலருக்குத் தெரியாது.

தொழிலாளியிடம் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பிடித்தம் 12 சதவீதம், இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) 0.75 சதவீதம். சம்பளச் சீட்டில் பிடித்தம் இருந்தால் பணம் கட்டியாகிவிட்டது என்று நம்புவது தவறு, பி.எஃப். பாஸ்புக்கில் மாதாமாதம் வரவு பார்க்க வேண்டும். அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்துக் காட்டி மீதியைப் படிகளாக எழுதும் வழக்கமும் உண்டு. எல்லோருக்கும் பொதுவாகத் தரப்படும் படிகளையும் பி.எஃப். கணக்கில் சேர்க்க வேண்டும் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. "பிடிக்காமல் கையில் கொடுங்கள்" என்று தொழிலாளியே கேட்பதும் நடக்கிறது. வாடகை நெருக்கினால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் தன்னுடைய 12 சதவீதத்தோடு முதலாளி தர வேண்டிய பங்கையும் சேர்த்து விட்டுக்கொடுக்கிறோம் என்பது அப்போது நினைவுக்கு வருவதில்லை.

இனி சங்கங்களின் பக்கம். பஞ்சப்படிக்காக 1984இல் 127 நாள் வேலைநிறுத்தம் நடந்த ஊர் இது. பேரம் பேசத் தெரியாதவர்கள் அல்ல. இருந்தும் கூலி ஒப்பந்தம் முடிந்ததும் சதவீதத்தை மட்டும் நோட்டீஸில் போடுகிறார்கள். எந்தக் கூலியின்மேல் அந்தச் சதவீதம்? ஏற்கெனவே ஒப்பந்தத்தைவிடக் கூடுதலாகத் தரும் கம்பெனி, உயர்வே தராமல் "ஒப்பந்தத்துக்கு மேல்தான் கொடுக்கிறோம்" என்று சொல்லிவிடும். கட்டிங், ஓவர்லாக், செக்கிங், பேக்கிங் என்று பிரிவுவாரியாக ரூபாயில் எழுதி ஒட்டுவதே பயன்தரும். ஒடிசா, ஜார்க்கண்ட், பீகாரிலிருந்து வந்தவர்கள் பக்கத்து மெஷினில் இருக்கும்போது அது தமிழில் மட்டும் இருந்தால் பாதிப் பேருக்குக் கூலி இரகசியமாகவே இருக்கும்.

சம்பளச் சீட்டைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவது இவற்றிலெல்லாம் ஆபத்தானது. பெயரை அழித்துவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். சின்ன யூனிட்டில் பொத்தான் துளை தைக்கும் காஜா மெஷின் ஓட்டுவது ஒருவர்தான்; சீட்டு யாருடையது என்று முதலாளிக்குத் தெரிய ஒரு நிமிடம் போதும். அப்படிப்பட்ட இடங்களின் கூலி விவரத்தை வெளியிடும்போது நாலைந்து யூனிட்டுகளின் கணக்கைச் சேர்த்துத்தான் ஒரு வரி எழுத வேண்டும்.