சப்-சென்டர் நர்சம்மாவிடம் எதற்குப் போகலாம், எப்போது போக வேண்டும்

ஊரில் பலருக்கு நர்சம்மா ஞாபகம் வருவது இரண்டு நேரத்தில்தான். குழந்தைக்குத் தடுப்பூசி போடும்போது ஒரு தடவை, அப்புறம் பிறப்புச் சான்றிதழ் வாங்கப் போன இடத்தில் "ஆர்.சி.எச். நம்பர் எங்கே?" என்று, கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது நர்சம்மா தரும் நம்பரைக் கேட்டுத் திருப்பி அனுப்பும்போது ஒரு தடவை. நடுவில் அவர் என்ன செய்கிறார், எதற்கெல்லாம் அவரிடம் போகலாம், எதற்குப் போனால் நேரம்தான் வீண் என்று யாரும் சொல்லித் தருவதில்லை. என் சித்தி கிராம சுகாதார செவிலியராக இருந்து ரிட்டயர் ஆனவர், அவர் புலம்பியதைக் கேட்டு வளர்ந்ததால் எழுதுகிறேன்.

முதலில் யார் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். சமவெளியில் சுமார் 5,000 பேருக்கு ஒன்று, மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று என்பது துணை சுகாதார நிலையத்தின் கணக்கு. நாம் சப்-சென்டர் என்று சொல்கிறோமே, அதுதான். தமிழ்நாட்டில் இப்படி 8,700-க்கும் மேல் இருக்கின்றன. அங்கே இருக்கும் வி.எச்.என்.தான் கிராம சுகாதார செவிலியர். கர்ப்பிணி, குழந்தை, தடுப்பூசி, குடும்பக் கட்டுப்பாடு எல்லாம் அவர் கையில். பல சப்-சென்டர்களில் இப்போது இன்னொரு நர்ஸும் உட்கார்ந்திருப்பார், அவர் இடைநிலை சுகாதாரப் பணியாளர், எம்.எல்.எச்.பி. என்பார்கள். நர்சிங் படித்து, சமுதாய சுகாதாரத்துக்கென்று தனிப் பயிற்சியும் எடுத்தவர். பிரஷர், சுகர் பார்ப்பது, டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையை மாதாமாதம் கொடுப்பது, தேவைப்பட்டால் வீடியோவில் டாக்டரைப் பேச வைப்பது இவர் வேலை. அமெரிக்காவில் 1965-லேயே லொரெட்டா ஃபோர்டு என்ற நர்ஸும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் கொலராடோவில் 'நர்ஸ் பிராக்டிஷனர்' படிப்பை ஆரம்பித்தார்கள். அங்கே பல மாநிலங்களில் அந்த நர்ஸே நோயைக் கண்டுபிடித்து மருந்தும் எழுதலாம். நம் எம்.எல்.எச்.பி.க்கு அவ்வளவு அதிகாரம் கிடையாது, அதனால் "இந்த மாத்திரை ஒத்துக்கலை, மாத்திக் குடுங்க" என்று அவரிடம் மல்லுக்கு நிற்காதீர்கள், மாற்றுவது டாக்டர்தான்.

சரி, முதல் வேலை: உங்கள் தெரு எந்த சப்-சென்டரில் வருகிறது என்று கேட்டு, வி.எச்.என். நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். கட்டடம் பூட்டியிருந்தால் ஆள் வரவில்லை என்று முடிவு கட்ட வேண்டாம். எந்தத் தேதியில் எந்த ஊர், எந்தத் தெரு என்று மாதத்துக்கு முன்கூட்டியே ஒரு பயணத் திட்டம் அவரிடம் இருக்கும், பாதி நாள் அவர் இருப்பது அடுத்த தெருவில்தான். போன் செய்துவிட்டுப் போங்கள்.

கர்ப்பம் விஷயத்துக்கு வருவோம், இதில்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். "மூணு மாசம் முடியட்டும், அதுவரைக்கும் வெளியே சொல்லாதே" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். ஊருக்குச் சொல்ல வேண்டாம், நர்சம்மாவுக்குச் சொல்லிவிடுங்கள். 12 வாரத்துக்குள் பதிவு செய்வது மிக முக்கியம். கடைசியாக மாதவிடாய் வந்த தேதி (உத்தேசமாக இல்லாமல் சரியான தேதி, எல்லாக் கணக்கும் அதை வைத்துத்தான் ஓடுகிறது), கணவன் மனைவி இருவர் ஆதார், பெண்ணின் பெயரில் இருக்கும் வங்கிப் புத்தகம், இவ்வளவையும் எடுத்துப் போனால் 12 இலக்க ஆர்.சி.எச். நம்பர் கிடைக்கும். பிக்மி நம்பர் என்றும் சொல்வார்கள். ஆதாரில் ஒரு இனிஷியல், பாஸ்புக்கில் இன்னொரு இனிஷியல் என்று இருந்தால் இப்போதே சரி செய்துவிடுங்கள். ஏனென்றால் அரசு தரும் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி மொத்தம் 18,000 ரூபாய், அதில் 14,000 தவணை தவணையாகக் கணக்கில்தான் விழும், மீதி 4,000 ரூபாய்க்கு ஊட்டச்சத்துப் பெட்டகம். பணம் வரவில்லை என்று பிரசவத்துக்கு அப்புறம் அலைபவர்களில் பலருக்குச் சிக்கல் பெயரிலும் கணக்கிலும்தான் இருக்கிறது. திட்டித் தீர்ப்பது மட்டும் நர்சம்மாவை.

பெரும்பாலான ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கான நாள் செவ்வாய்க்கிழமை. எடை, பிரஷர், ரத்தத்தில் ஹீமோகுளோபின், சிறுநீர், சுகர் எல்லாம் பார்ப்பார்கள். சுகருக்கு 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கச் சொல்லி, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். வெறும் வயிற்றில்தான் போக வேண்டும் என்று கிடையாது, சாப்பிட்டுவிட்டே போகலாம். ஆனால் அந்த இரண்டு மணி நேரம் அங்கேயே உட்கார வேண்டும், நடுவில் பஸ் வந்துவிட்டது என்று கிளம்பினால் டெஸ்ட் போச்சு. 140 அல்லது அதற்கு மேல் வந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை என்று எடுத்துக்கொள்வார்கள்.

சத்து மாத்திரை கொடுத்தால் பரணில் போடாதீர்கள். இரும்புச்சத்து மாத்திரையை டீ, காபியோடு போட்டால் உடம்பில் சேராது, கால்சியம் மாத்திரையோடு சேர்த்துப் போட்டாலும் அப்படித்தான், ஒன்றைக் காலையிலும் ஒன்றை ராத்திரியிலும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். மலம் கறுப்பாகப் போகும், அது சகஜம், பயந்து நிறுத்த வேண்டாம். குமட்டிக்கொண்டு வந்து மாத்திரை போட முடியவில்லை என்றால் அதை அப்படியே சொல்லுங்கள். "போட்டுட்டுதான் இருக்கேன் சிஸ்டர்" என்று பொய் சொல்லி, எட்டாம் மாதத்தில் ஹீமோகுளோபின் 7 என்று வந்து நிற்கும்போது எல்லாருக்கும் ஓட்டம்தான். முன்பே சொல்லியிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி, நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்ற வழி இருக்கிறது.

வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்குப் போகும்போது ஒரு வேலை இருக்கிறது, யாரும் செய்வதில்லை. கிளம்பும் முன் இந்த ஊர் நர்சம்மாவிடம் "இந்த ஊருக்குப் போகிறேன்" என்று சொல்லுங்கள், போய் இறங்கியதும் அந்த ஊர் நர்சம்மாவிடம் அதே நம்பரைக் காட்டுங்கள். புது நம்பர் போட வேண்டாம், தமிழ்நாடு முழுக்க ஒரே நம்பர்தான். தாய் சேய் நல அட்டையைப் பீரோவில் பூட்டிவிட்டுப் போகாதீர்கள், எங்கள் வீட்டிலேயே அது நடந்தது. ராத்திரி வலி வந்தபோது முந்தைய பிரஷர் அளவு என்ன என்று கேட்க, பதில் சொல்ல ஆளில்லாமல் 70 கிலோமீட்டர் தள்ளியிருந்த மாமியாருக்குப் போன் போட்டு, அவர் கண்ணாடியைத் தேடி... போதும்.

தடுப்பூசி நாள் தமிழ்நாட்டில் புதன்கிழமை. அட்டையில் போட்டிருக்கும் வாரத்தைப் பார்த்துப் போங்கள்: 6, 10, 14 வாரம், அப்புறம் ஒன்பது மாதம் முடிந்து, ஒன்றரை வயதில், 5 வயதில். "காலையிலேயே வாங்க" என்று நர்சம்மா கறாராகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தட்டம்மை-ரூபெல்லா மருந்தைக் கலக்கிவிட்டால் நான்கு மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். நீங்கள் சாவகாசமாக மூன்று மணிக்குப் போய் நின்றால் அவர் என்ன செய்வார்? ஊசி போட்ட பின் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். அன்று ராத்திரி காய்ச்சல் வரலாம், எத்தனை சொட்டு மருந்து என்று அங்கேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறந்ததும் போடும் பி.சி.ஜி. (காசநோய்த் தடுப்பூசி) போட்ட இடம் சில வாரம் கழித்துக் கொப்புளம் மாதிரி வந்து தழும்பாகும், அதில் மஞ்சளோ களிம்போ தடவ வேண்டாம். ஒரு தவணை தவறிவிட்டதா? திட்டு வாங்கிக்கொண்டு போய் நில்லுங்கள். முதலிலிருந்து ஆரம்பிக்க மாட்டார்கள், விட்ட இடத்திலிருந்துதான் தொடர்வார்கள். திட்டுக்குப் பயந்து ஒரேயடியாக விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம் என்பார் சித்தி.

பெரியவர்களுக்குப் பிரஷர், சுகர் இருந்தால் மாத்திரைக்காக மாதாமாதம் பஸ் ஏற வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெயர் கொடுத்தால் வீட்டுக்கே வரும். படுக்கையில் இருப்பவர்களுக்கு நர்ஸும் பிசியோதெரபி ஆளும்கூட வருவார்கள். பெயரை சப்-சென்டரில் கொடுக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தாலும் அங்கேயே சொல்லுங்கள், சளிப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள்.

இன்னொன்று, ஆண்கள் கவனிக்க. நர்சம்மா வீட்டுக்கு வந்தால் தண்ணீர் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு நகருங்கள். காப்பர்-டி போடுவதா, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா என்ற கருத்தடை ஊசியா, வெள்ளைப்படுதல் ஏன் நிற்கவில்லை, இதையெல்லாம் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தால் எந்தப் பெண் வாய் திறப்பாள்?

போகக் கூடாத நேரமும் இருக்கிறது. பாம்புக் கடி, நெஞ்சு வலி, வாய் கோணிக் கை விழுந்துபோவது, கர்ப்பிணிக்கு ரத்தப்போக்கு, வலிப்பு, கண் மங்கித் தலை பிளக்கும் வலி, குழந்தை அசைவு குறைவது, பனிக்குடம் உடைவது, இதற்கெல்லாம் சப்-சென்டரை எட்டிக்கூடப் பார்க்காமல் நேராக 108. வண்டி வரும்வரை நர்சம்மாவுக்குப் போன் போடலாம், எந்த ஆஸ்பத்திரி என்று அவர் சொல்வார், முன்கூட்டியே தகவலும் கொடுத்துவிடுவார். நாய்க்கடிக்கு சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள்.

நர்சம்மா உண்மையிலேயே வருவதில்லை என்றால்? முதலில், அவருக்கு இரண்டு சப்-சென்டர் பொறுப்பா என்று விசாரியுங்கள். பணியிடம் காலியாக இருந்தால் பக்கத்து ஊரையும் இவர் தலையில்தான் கட்டுவார்கள். அப்படியில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் தேதி போட்டு எழுதிக் கொடுங்கள், அரசின் சுகாதார உதவி எண்ணான 104-க்கும் சொல்லலாம்.

நம்பரைப் போனில் பதியும்போது வெறுமனே 'நர்ஸ்' என்று போடாதீர்கள், ஊர்ப் பெயரையும் வருஷத்தையும் சேர்த்துப் போடுங்கள். சித்தி ரிட்டயர் ஆகி நாலு வருஷமாச்சு, இன்னமும் செவ்வாய்க்கிழமை காலையில் "சிஸ்டர், இன்னைக்கு டாக்டரம்மா இருக்காங்களா?" என்று போன் வந்துகொண்டிருக்கிறது.