காரில் விழுந்த கீறலை வீட்டிலேயே சரிசெய்தல்: முதலில் கறள், பிறகு அழகு

ஊர்காவற்றுறைக்கோ புங்குடுதீவுக்கோ அடிக்கடி போய்வரும் கார் என்றால், அதில் விழுந்த சின்னக் கீறலைக் கிடக்கட்டும் என்று விடக் கூடாது. யாழ்ப்பாணத்திலிருந்து தீவுகளுக்குப் போகும் பண்ணைப் பாதையில் ஏறியதும் இரண்டு பக்கமும் கடல்தான். காற்றோடு வரும் உப்பு, பெயின்ற் பெயர்ந்து தகரம் தெரியும் இடத்தை விரைவாகத் தின்னத் தொடங்கிவிடும். அதுதான் கறள், அதாவது துரு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திறந்தது. இன்றைய விலையைப் பார்த்தால், கையில் இருக்கும் காரைக் காப்பாற்றுவதுதான் எங்களில் பலருக்கு வழி.

என் காரின் பின்கதவில் ஒழுங்கை வேலியின் பனைமட்டைக் கருக்கு இழுத்துவிட்ட கோட்டை நானே அடைத்தேன். அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

கார் கழுவும் முறையை இங்கே விளக்கப் போவதில்லை. ஒன்று மட்டும்: எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளிருந்து வருவது. வெயிலில் தானாகக் காயவிட்டால் வெள்ளைத் திட்டுகள் படியும். கழுவிய கையோடு மெல்லிய துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள்.

ஆழத்தைப் பாருங்கள்

கீறலின் மேல் தண்ணீர் தடவுங்கள். ஈரத்தில் கோடு மறைந்தால் மேலே இருக்கும் கிளியர் கோற் (நிறமில்லாத பளபளப்புப் பூச்சு) மட்டும்தான் கீறியிருக்கிறது. அதற்குப் பெயின்ற் வேண்டாம். ரப்பிங் கொம்பவுண்ட் என்ற மெருகுப் பசையைத் துணியில் எடுத்துத் தேய்த்தாலே போதும். பற்பசையால் தேய்க்கும் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை. மிக மெல்லிய உராய்வை அது மங்கச் செய்யலாம், அதற்கு மேல் ஒன்றும் செய்யாது.

நக நுனியைக் குறுக்கே இழுக்கும்போது கோட்டில் மாட்டினால் கீறல் ஆழமானது. உள்ளே சாம்பல் நிறமோ வெள்ளையோ தெரிந்தால் அது பெரும்பாலும் பிறைமர், அதாவது நிறத்துக்கு அடியில் இருக்கும் அடிப்பூச்சு. பளபளவென்றோ செம்மண் நிறத்திலோ தெரிந்தால் தகரம் வரை போய்விட்டது.

கறளை நிறுத்துங்கள்

செம்மை தெரியும் இடத்தைக் கூரான கத்தி நுனியால் மெதுவாகச் சுரண்டி, பொஸ்போரிக் அமிலம் உள்ள கறள் மருந்தை ஈர்க்கு நுனியால் தொட்டு வையுங்கள். அது கறளை இரும்புப் பொஸ்பேற்றாக மாற்றும். எவ்வளவு நேரம் விட வேண்டும், கழுவ வேண்டுமா என்பது போத்தலுக்குப் போத்தல் வேறுபடும். அதில் எழுதியிருப்பதைப் பின்பற்றுங்கள். கையுறை அவசியம். காய்ந்த பிறகு தகரம் தெரிந்த இடத்தில் மட்டும் பிறைமரை மெல்லிதாக ஒரு பூச்சு வையுங்கள். கறளின் மேலேயே பெயின்ற் பூசினால் கறள் உள்ளேயே பரவி, அடுத்த மாரி முடிவதற்குள் கொப்புளமாக எழும்பும்.

நிறம்

கண்ணால் பார்த்து நிறம் வாங்காதீர்கள். ரொயோட்டா என்றால் சாரதிப் பக்கக் கதவுத் தூணிலோ எஞ்சின் அறையிலோ உள்ள தகட்டில் நிறக் குறியீடு இருக்கும். 040 சாதாரண வெள்ளை. 070 முத்து வெள்ளை. அது அடிநிறம், முத்துப் பூச்சு, கிளியர் என்று மூன்று அடுக்காக வருவதால் ஒற்றைப் போத்தலால் சரியாகப் பொருந்தாது. வெள்ளை என்று மட்டும் கடையில் சொன்னால் எதைத் தருவார்கள் என்று தெரியாது. குறியீட்டைக் கொடுத்துச் சின்னப் போத்தலில் கலந்து வாங்குங்கள்.

வெள்ளிநிறமோ மெற்றாலிக்கோ என்றால் போத்தலை நன்றாகக் குலுக்குங்கள். அலுமினியத் துகள் அடியில் படிந்திருக்கும். குலுக்காவிட்டால் நிறம் கறுத்துத் தெரியும்.

பூசுதல்

கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் முற்றத்தில் பூச வேண்டாம், புழுதி ஒட்டும். வேப்பமர நிழலும் வேண்டாம், பூவும் சருகும் விழும். வெயிலேறுவதற்கு முன், போர்ட்டிக்கோவுக்குள், தகரம் கைக்குக் குளிர்ச்சியாக இருக்கும்போது தொடங்குங்கள். அடுப்போ விளக்கோ அருகில் இருக்கக் கூடாது.

முதலில் ஐசோபுரோப்பைல் அற்ககோலால் துடைத்து எண்ணெய்ப் பிசுக்கை எடுங்கள். கை கழுவும் சானிற்றைசர் அதற்கு ஈடாகாது. அதில் பெரும்பாலும் கிளிசரின் கலந்திருக்கும், மேலே படலமாக நின்றுவிடும்.

போத்தலோடு வரும் தூரிகை எனக்குப் பிடிப்பதில்லை. கீறலைவிட அது தடிப்பு. நுனி சீவிய தென்னை ஈர்க்குத்தான் என் கருவி. கீறலுக்குள் மட்டும் துளி துளியாக வையுங்கள். ஒரே தடவையில் நிரப்பாதீர்கள்: பெயின்ற்றில் கலந்திருக்கும் தின்னர் ஆவியாகும்போது பெயின்ற் சுருங்கி நடுவில் குழி விழும், மேல் மட்டும் காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும். ஒரு மெல்லிய பூச்சு, அது நன்றாகக் காய்ந்த பிறகு அடுத்தது. கடைசியாக கிளியர் வைக்கும்போது சுற்றியுள்ள மட்டத்தைவிடச் சற்றே மேடாக நிற்க வேண்டும்.

சமனாக்குதல்

என்னை நெடுநாள் அலைக்கழித்த படி இதுதான். பூசிய கோடு விரலுக்குத் தழும்பாகத் தட்டுப்படும். அதைத் தேய்த்துச் சமனாக்க வேண்டும், ஆனால் பக்கத்துப் பூச்சைத் தொடக் கூடாது. ஆலையில் பூசிய கிளியர் கோற் பெரும்பாலும் 40 முதல் 50 மைக்ரோன் தடிப்புத்தான், தலைமயிரைவிட மெல்லியது. அதைத் தேய்த்து எடுத்துவிட்டால் பிறகு பெயின்ற்றருக்கு முழுக் கதவின் கூலி கொடுக்க வேண்டும்.

ஆகவே குறைந்தது ஒரு கிழமை காயவிடுங்கள். மாரிக்காலம் என்றால் இன்னும் கூட. பிறகு 2000 இலக்க வாட்டர் பேப்பரை (தண்ணீரோடு தேய்க்கும் அரத்தாள்) சின்னத் துண்டாக வெட்டி, பென்சில் அழிறப்பரில் சுற்றிக்கொள்ளுங்கள். விரலால் அழுத்தித் தேய்த்தால் பள்ளம் விழும். றப்பர் மேட்டை மட்டும் தொடும். கோட்டின் இரு கரையிலும் மாஸ்கிங் ரேப் ஒட்டி, சவர்க்காரத் தண்ணீர் தெளித்து, கோடு போகும் திசையிலேயே இலேசாக இழுங்கள். சில இழுப்புகளுக்கு ஒருமுறை துடைத்து, சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். ரேப்பின் மட்டத்துக்கு வந்ததும் அதை உரித்துவிட்டு 3000 இலக்கத்தால் மிக மெதுவாக முடியுங்கள். கதவின் மடிப்பு விளிம்புகளில் பூச்சு இன்னும் மெல்லியது. அங்கே வாட்டர் பேப்பரே வேண்டாம், சிறு மேடு இருந்தால் இருக்கட்டும். கடைசியில் கொம்பவுண்ட். மங்கல் போய்ப் பளபளப்பு வரும்.

பிற்சேர்க்கை

பம்பர் கீறலுக்கும் இது பொருந்துமா என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். பம்பர் பிளாஸ்டிக், கறள் வராது, அவசரமும் இல்லை. ஆனால் பிளாஸ்டிக் தெரிந்தால் அதற்கென்று இருக்கும் பிளாஸ்டிக் பிறைமர் வேண்டும். சாதாரண பிறைமர் தோலாக உரிந்துவிடும்.

இன்னொருவர் ஹார்ட்னர் (இறுகச் செய்யும் திரவம்) கலந்த ஸ்பிறே கிளியரை வீட்டில் அடிக்கலாமா என்றார். வேண்டாம். அதில் ஐசோசயனேற்று இருக்கிறது, மூச்சுக்குழாயைக் கெடுக்கும். அந்த வேலையைத் தகுந்த முகமூடியும் காற்றோட்டமும் உள்ள கராஜில் கொடுங்கள். உள்ளங்கையைவிடப் பெரிதாகப் பெயின்ற் பெயர்ந்திருந்தாலும், தகரம் நெளிந்திருந்தாலும் அங்கேதான் போக வேண்டும். போகும் வரை அந்த இடத்தில் பிறைமர் மட்டுமாவது வைத்துவிடுங்கள்.