வெளிநாட்டு மேசன் லாட்ஜுக்குப் போகும்போது செய்யக்கூடாத தவறுகள்

வெளிநாடு போகும் மேசன் சகோதரர்களுக்கு, அதாவது ஃப்ரீமேசன் என்ற சகோதரத்துவ அமைப்பின் உறுப்பினர்களுக்கு, அங்கே ஒரு லாட்ஜ் (அமைப்பின் கிளை) கூட்டத்தில் உட்கார்ந்து பார்க்க ஆசை வருவது இயல்புதான். ஆனால் மேசன் சின்னமான மூலைமட்டமும் கவராயமும் பொறித்த கட்டடம் எதுவானாலும் நம்முடையதுதான் என்று நம்பி உள்ளே போய்விடாதீர்கள். மற்ற தவறுகளை ஒரு மன்னிப்போடு சரிசெய்துவிடலாம். ஆனால் உங்கள் கிராண்ட் லாட்ஜ், அதாவது உங்கள் லாட்ஜை ஆளும் தலைமை அமைப்பு, அங்கீகரிக்காத லாட்ஜில் போய் உட்கார்வது உங்கள் உறுப்பினர் தகுதிக்கே வேட்டு வைக்கும்.

பாரிஸையே எடுத்துக்கொள்ளுங்கள். கிராண்ட் ஓரியண்ட் டி பிரான்ஸ் அங்கே பழமையான, பெரிய அமைப்பு. இறைநம்பிக்கை கட்டாயம் என்ற விதியை 1877-இல் அது நீக்கியது. அதோடு இங்கிலாந்தின் யுனைடெட் கிராண்ட் லாட்ஜ் உறவை முறித்துக்கொண்டது, இன்றுவரை ஒட்டவில்லை. இங்கிலாந்து அங்கீகரிப்பது 1913-இல் தொடங்கிய கிராண்ட் லாட்ஜ் நேஷனல் பிரான்சைஸ் என்ற அமைப்பை. அதற்கும் 2012-இல் அங்கீகாரம் போய் 2014-இல் திரும்பக் கிடைத்தது. அதனால், நாலு வருடத்துக்கு முன் போய்வந்த நண்பர் சொன்னதை வைத்துக் கிளம்பாதீர்கள். இன்றைய நிலை என்ன என்று உங்கள் கிராண்ட் செக்ரட்டரி அலுவலகத்தில் கேளுங்கள்.

அதிலும் எந்த அலுவலகம் என்பது முக்கியம். இந்திய கிராண்ட் லாட்ஜ் 1961-இல் உருவான பிறகும், இங்கிலாந்து, ஸ்காட்லாந்து கிராண்ட் லாட்ஜ்களின் கீழேயே தொடர்ந்த லாட்ஜ்கள் நம் நாட்டில் உண்டு. உங்கள் லாட்ஜ் எதன் கீழ் இருக்கிறதோ, அது அங்கீகரித்த அமைப்புகளின் பட்டியல்தான் உங்களைக் கட்டுப்படுத்தும். பக்கத்து லாட்ஜ்காரருக்குப் பொருந்துவது உங்களுக்கும் பொருந்தும் என்று சொல்ல முடியாது.

அமெரிக்காவில் இன்னும் கவனம் வேண்டும். அங்கே நாடு முழுவதற்குமான ஒரே கிராண்ட் லாட்ஜ் கிடையாது. மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனி. அதோடு பிரின்ஸ் ஹால் மரபு இருக்கிறது. பாஸ்டனில் கறுப்பின மேசன்கள் 1784-இல் இங்கிலாந்திடமிருந்தே சாசனம் பெற்றுத் தொடங்கிய மரபு அது. வெள்ளையர் லாட்ஜ்கள் அவர்களைத் தலைமுறை தலைமுறையாக ஒதுக்கிவைத்தன. கனெக்டிகட் மாநிலம் 1989-இல் அங்கீகரித்த பிறகுதான் மற்ற மாநிலங்கள் ஒவ்வொன்றாக வழிக்கு வந்தன; தெற்கே சில மாநிலங்கள் பல ஆண்டுகள் இழுத்தடித்தன. சகோதரத்துவம் பேசுகிற அமைப்புக்கு இது பெரிய களங்கம் என்பது என் கருத்து. ஆனாலும் வருகையாளராகப் போகிறவர், தான் போகும் லாட்ஜ் தன் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துத்தான் ஆக வேண்டும். இன்னொன்று: மேசன்கள் படிப்படியாகப் பெறும் நிலைகள் மூன்று; அமெரிக்க லாட்ஜ்கள் பல தங்கள் கூட்டத்தை மூன்றாம் நிலையில்தான், அதை முடித்தவர்களுக்காகவே, நடத்துகின்றன. முதல் நிலையோ இரண்டாம் நிலையோ மட்டும் முடித்தவர் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

அடுத்து நாள் கணக்கு. லண்டன் லாட்ஜ்கள் பெரும்பாலும் வருடத்துக்கு நாலைந்து முறைதான் கூடும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அநேகமாகக் கூட்டமே இருக்காது. நம்மவர்கள் டிக்கெட் எடுப்பதோ பள்ளி விடுமுறையை ஒட்டித்தான். பயணத் தேதி முடிவானதும் கடிதம் போடுங்கள். கூட்டம் கிடைக்காவிட்டால் கிரேட் குயின் தெருவில் இருக்கும் ஃப்ரீமேசன்ஸ் ஹாலின் அருங்காட்சியகத்தைக் குடும்பத்தோடு போய்ப் பார்க்கலாம். அது பொதுமக்களுக்கும் திறந்திருக்கிறது.

சரி, கூட்டம் கிடைத்துவிட்டது. வாசலில் டைலர் என்ற வாயில்காப்பாளர் வாளோடு இருப்பார். வருகைப் பதிவேட்டில் உங்கள் பெயர், லாட்ஜ் பெயர், அதன் எண், பதவி எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கிராண்ட் லாட்ஜ் சான்றிதழில் நீங்கள் அன்று போட்ட கையெழுத்தையும் இதையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஃபோனில் எடுத்த படத்தைக் காட்டிச் சமாளிக்கலாம் என்று போகாதீர்கள், அசலைக் கொண்டுபோங்கள். சந்தா பாக்கியில்லை என்பதற்கு அத்தாட்சியும் வேண்டும். அப்புறம் தனி அறையில் உட்காரவைத்துக் கேள்வி கேட்பார்கள். சடங்கின் சொற்கள் நாட்டுக்கு நாடு மாறும். "எங்கள் லாட்ஜில் இப்படித்தான்" என்று பணிவாகச் சொன்னால் போதும், வாக்குவாதம் வேண்டாம். சந்தேகப்படுகிறார்களே என்று முகம் சுளிக்கவும் வேண்டாம். நம் வாசலில் முன்பின் தெரியாதவர் வந்து நின்றால் நாமும் அதைத்தானே செய்வோம்? உறுதிமொழி எடுக்கச் சொன்னால், பகவத் கீதையோ குர்ஆனோ உங்களுக்கு வேண்டிய நூலைக் கேட்டு வாங்கலாம். அதை முன்பே கடிதத்தில் சொல்லிவிட்டால் எடுத்துவைத்திருப்பார்கள்.

உடை விஷயம் சின்னதுதான். இங்கிலாந்தில் கருநிற சூட், கறுப்பு டை, வெள்ளைக் கையுறை, சொந்த ஏப்ரன் (கூட்டத்தில் மேசன்கள் இடுப்பில் கட்டும் முன்துணி). அமெரிக்காவில் ஏப்ரனை வாசலிலேயே தருவது வழக்கம்.

கூட்டத்துக்குப் பிறகு நடக்கும் விருந்துக்குத் தலைக்கணக்குப் பார்த்துத்தான் சமைப்பார்கள். வருவதாக முன்பே சொல்லி, உங்கள் பங்குப் பணத்தையும் கட்டிவிடுங்கள். வருகையாளர்களுக்காக வாழ்த்துச் சொல்லி, பதிலுக்கு உங்களைப் பேச அழைக்கலாம். இரண்டு நிமிடம் போதும். அந்த மேசையில் விசிட்டிங் கார்டு நீட்டுவதும் வியாபாரம் பேசுவதும் கூடவே கூடாது.

கடைசியாக, பெட்டியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பாகிஸ்தான் 1972-இல் இந்த இயக்கத்தைத் தடைசெய்து லாட்ஜ் கட்டடங்களைக் கைப்பற்றியது. அரபு நாடுகள் பலவற்றிலும் தடை உண்டு. வளைகுடா வழியாக லண்டன் போய், திரும்பும்போது அங்கே இரண்டு நாள் உறவினர் வீட்டில் தங்குவது நம்மவர்களுக்குச் சகஜம். அப்படிப் போகிறவர்கள் ஏப்ரனை ஊரிலேயே வைத்துவிட்டு, லண்டன் லாட்ஜிடம் ஒன்று இரவல் கேளுங்கள்.