பிக்கப் வாங்கும் முன் ஸ்க்ரூடிரைவரை எடுங்கள்

புது பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) வாங்கி, பழையதைக் கழற்றி, சால்டர் வைத்து மாட்டி முடித்தேன். அப்புறமும் என் எலக்ட்ரிக் கிட்டாரின் தடித்த ஈ கம்பி 12-ஆம் ஃப்ரெட்டுக்கு மேலே போனால் தேம்பித் தேம்பித்தான் ஒலித்தது. கடைசியில் அதைச் சரிசெய்தது பிக்கப்பின் உயரத்தை மாற்றியதுதான், அதுவும் இரண்டே நிமிடத்தில். அதனால் இந்தப் பதிவில் புது பிக்கப் என்பது கடைசிப் படி. கம்பி மாற்றவும் ட்யூன் செய்யவும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். பிக்கப் மைக் இல்லை. அது காற்றின் அதிர்வைக் கேட்பதில்லை. காந்தத்தைச் சுற்றி முடியளவு மெல்லிய செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியிருக்கும். அதன் மேலே எஃகுக் கம்பி ஆடும்போது காந்தப்புலம் மாறும், சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். 1831-இல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டல்தான் இது. நைலான் கம்பி மாட்டினால் ஆம்ப் வாயே திறக்காது.

படி 1: புதுக் கம்பி

பழைய கம்பியை வைத்துக்கொண்டு பிக்கப்பைக் குறை சொல்லாதீர்கள். வியர்வையும் அழுக்கும் சுற்றுகளுக்குள் இறங்கினால் மேல் ஸ்தாயியின் பளபளப்புதான் முதலில் செத்துப்போகும். என் தேர்வு நிக்கல் பூசிய எஃகு, 10-46 செட் (மெல்லிய கம்பி, தடித்த கம்பி ஆகியவற்றின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்). சுத்த நிக்கல் கொஞ்சம் மென்மையாக ஒலிக்கும். ஸ்டெயின்லெஸ் பளீரென்று இருக்கும், ஆனால் விரலுக்குச் சொரசொரப்பு, ஃப்ரெட்டும் சீக்கிரம் தேயும், எனக்குப் பிடிக்காது. ஃப்ளாட்வவுண்ட் (தட்டையாகச் சுற்றிய கம்பி) ஜாஸ் வாசிப்பவர்களுக்கு.

9-இலிருந்து 10-க்கு மாறினால் மெல்லிய ஈ கம்பியின் இழுவிசை சுமார் 23 சதவீதம் கூடும். நுனியில் ஒரு எண்தானே மாறுகிறது என்று தோன்றும், பெண்ட் செய்யும்போது விரல் பதில் சொல்லும். செட்டை மாற்றியதும் இன்டோனேஷனையும் (எல்லா ஃப்ரெட்டிலும் சுரம் சரியாக வருகிறதா என்பதையும்) பார்த்துவிடுங்கள்.

படி 2: ஒரு ஒலிப்பதிவு

காது ஏமாற்றும். எல்லாக் குமிழும் முழுசாகத் திறந்து, ஆம்ப் கிளீனில், ஒரே ரிஃப்பை ஒவ்வொரு பிக்கப்பிலும் ஃபோனில் பதியுங்கள். டிஸ்டார்ஷன் போடவே வேண்டாம், அது எல்லாக் குற்றத்தையும் மூடிவிடும். கேபிளையும் மாற்றாதீர்கள். கேபிளின் நீளம் கூடக் கூட அதன் மின்தேக்கம் கூடி, ஒலியின் மேல் பகுதி மங்கும்.

பிரிட்ஜ் பிக்கப் மெலிந்து கூர்மையாகவும் நெக் பிக்கப் உருண்டு தடித்தும் கேட்கும். இரண்டுமே ஒரே வகையாக இருந்தாலும் அப்படித்தான். பிரிட்ஜுக்குப் பக்கத்தில் கம்பியின் அடிப்படை அதிர்வுக்கு வீச்சு குறைவு, அதனால் ஹார்மோனிக்குகள் (அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்து எழும் மேல் ஒலிகள்) தூக்கலாகத் தெரியும்.

படி 3: உயரம் (நான் மாட்டிக்கொண்ட இடம்)

கடைசி ஃப்ரெட்டில் கம்பியை அழுத்துங்கள். கம்பியின் அடிப்பக்கத்துக்கும் பிக்கப்பின் மேல்பக்கத்துக்கும் உள்ள இடைவெளியை அளங்கள். ஸ்டீல் ஸ்கேல் வேண்டாம்: காந்தம் அதைக் கவ்விக்கொள்ளும், அளவு கெடும். பிளாஸ்டிக் ஸ்கேல்தான் சரி.

சிங்கிள் காயிலுக்கு (ஒற்றைச் சுருள் பிக்கப்) தடித்த ஈ பக்கம் 2 மி.மீ., மெல்லிய ஈ பக்கம் 1.6 மி.மீ. என்று தொடங்குங்கள். ஹம்பக்கருக்கு (இரட்டைச் சுருள் பிக்கப்) பிரிட்ஜில் 1.6, நெக்கில் 2.4. இவை தொடக்கப் புள்ளிகள் மட்டுமே. பிக்கப்பின் உயரத் திருகை அரைச் சுற்றாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் வாசித்துப் பாருங்கள்.

பக்கத்தில் வைத்தால் சத்தம் கூடும் என்று நான் மூன்று சிங்கிள் காயிலையும் கம்பியை முட்டும் அளவுக்கு ஏற்றியிருந்தேன். சத்தம் கூடத்தான் செய்தது. கூடவே காந்தம் கம்பியை இழுத்து, அதன் அதிர்வையே கோணலாக்கியது. ஒரு சுரத்துக்குள் இரண்டு சுரம் உரசுவதுபோல ஒரு நடுக்கம். ட்யூனரின் முள் ஓரிடத்தில் நிற்கவே இல்லை. இன்டோனேஷன் கோளாறு என்று நினைத்து இரண்டு மாலை சாடிலை (பிரிட்ஜில் கம்பி அமரும் சின்னத் துண்டு) முன்னும் பின்னும் தள்ளினேன். இல்லாத நோய்க்கு வைத்தியம்.

உங்களுக்கும் சந்தேகம் வந்தால் எல்லாப் பிக்கப்பையும் நன்றாகக் கீழே இறக்கிவிட்டு அதே சுரத்தை வாசியுங்கள். நடுக்கம் போய்விட்டால் குற்றவாளி காந்தம்தான். போகவில்லை என்றால் மட்டும் சாடில் பக்கம் போங்கள்.

ஹம்பக்கரில் இந்தத் தொல்லை குறைவு. அதில் காந்தம் அடியில் படுத்திருக்கும், மேலே தெரிவது வெறும் எஃகு. பழைய பாணி சிங்கிள் காயிலில் கம்பிக்குக் கீழே நிற்கும் ஆறு தூண்களுமே காந்தம். அந்தத் தூண்களை விரலால் அழுத்தி உயரம் மாற்றப் பார்க்காதீர்கள். சுருள் அவற்றின் மேலேயே சுற்றியிருந்தால் அறுந்துவிடும்.

படி 4: சமன்

நெக் பிக்கப் இயல்பாகவே உரக்க ஒலிக்கும், அதை இறக்குங்கள். பிரிட்ஜை ஏற்றுவதைவிட இதுதான் எனக்குச் சரிப்பட்டது. சில சிங்கிள் காயில்களில் ஜி கம்பி மட்டும் கத்தும். 1950-களில் ஜி கம்பியும் சுற்றுக் கம்பியாக இருந்தது, தூண்களின் உயரம் அதற்கேற்ப அமைந்தது. இன்றைய வெறும் கம்பிக்கு அந்த உயரம் அதிகம். பிக்கப்பைக் கொஞ்சம் இறக்கினால் ஓரளவு அடங்கும்.

படி 5: இன்னும் திருப்தி இல்லையா?

இரைச்சல்தான் தொல்லை என்றால் ஹம்பக்கருக்குப் போங்கள். 1955-இல் கிப்சனில் சேத் லவர் உருவாக்கியது. எதிரெதிர் காந்த முனையோடு, எதிரெதிராக இணைத்த இரண்டு சுருள். மின்சாரத்திலிருந்து வரும் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் ஹம் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், கம்பியின் ஒலி கூடிவிடும். சிங்கிள் காயிலுக்கு 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம் வால்யூம் பாட் (குமிழுக்கு அடியில் இருக்கும் மின்தடை) என்பது வழக்கம். பழைய 250-ஐ அப்படியே விட்டுவிட்டு ஹம்பக்கர் மங்கலாக இருக்கிறது என்று புலம்பாதீர்கள். “ஹாட்” பிக்கப் எனக்கு ஒத்துவராது: சுற்று கூடினால் சத்தம் கூடும், மேல் ஸ்தாயி இறங்கும். சத்தம் வேண்டுமென்றால் ஆம்ப் இருக்கிறது.

பிற்சேர்க்கை 1: தடித்த நான்கு கம்பிகளும் அமுங்கி, மெல்லிய இரண்டு மட்டும் கத்துகின்றன என்று ஒருவர் எழுதியிருந்தார். அவர் மாட்டியிருந்தது அகூஸ்டிக்கின் வெண்கலக் கம்பி. மேலே சுற்றிய வெண்கலத்தைக் காந்தம் கண்டுகொள்ளாது, உள்ளே இருக்கும் எஃகு மட்டுமே பிக்கப்புக்குத் தெரியும்.

பிற்சேர்க்கை 2: திருகை வலப்பக்கம் திருப்பினால் பிக்கப் மேலே வரும், கீழே போகாது. இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். இறக்குவதாக நினைத்து ஏற்றிய இருவர் “நடுக்கம் இன்னும் கூடிவிட்டது” என்றார்கள். இன்னொருவர் இடப்பக்கம் திருப்பிக்கொண்டே போய், திருகு முழுசாகக் கழன்று பிக்கப் உள்ளே விழுந்துவிட்டது. கம்பியைத் தளர்த்தி, பிக்கார்டைத் திறந்து, ஸ்பிரிங்கோடு சேர்த்துத் திரும்ப மாட்டுங்கள். அந்தச் சின்ன ஸ்பிரிங் தரையில் விழுந்தால் தேடி எடுப்பதற்குள் பொழுது போய்விடும். அடியில் ஒரு துணியை விரித்துக்கொள்ளுங்கள்.